மேஸ்திரி மகளின் ஸ்பானிஷ்

சிவரஞ்சனிக்கு ஸ்பானிஷ் கிடைத்தது, ஜெர்மன் கிடைக்காததால்தான்.

புதுக்கோட்டைக்கு வெளியே அவள் சிவில் படித்த கல்லூரியில், இரண்டாம் ஆண்டில் ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழி படித்தாக வேண்டும் என்று அந்த வருடம் புதிதாகச் சொன்னார்கள். பெயர் கொடுக்க வேண்டிய நாளன்று அவள் வந்த காலேஜ் பஸ் அறந்தாங்கி தாண்டியதும் பஞ்சராகி நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றபோது ஜெர்மனும் நிரம்பியிருந்தது, ஜப்பானியமும் நிரம்பியிருந்தது.

"ஸ்பானிஷ்தாம்மா இருக்கு. போட்டுக்கவா?" என்றார் உள்ளே இருந்தவர்.

"போட்டுக்கங்க சார்" என்றாள். ஸ்பெயின் என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்பந்து மட்டுந்தான்.

ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. அம்மா வனிதா வீட்டையும் கொஞ்சம் வயலையும் பார்த்துக்கொண்டாள். அப்பா சோலையப்பன் கட்டட மேஸ்திரி. ஏழு வருடமாக ஓமனில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கட்டுகிற இடங்களில் காங்கிரீட் வேலை. வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை. வெள்ளி மதியம் வீடியோ காலில் அவர் முகம் வரும். மற்ற நாளெல்லாம் அவர் ஒரு குரல்தான்.

ஸ்பானிஷ் வகுப்பு சனிக்கிழமைகளில் நடந்தது. திருச்சியிலிருந்து ஷர்லி என்று ஒரு பெண் வந்து எடுத்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். பத்தொன்பது பேர் சேர்ந்த வகுப்பு மூன்றாவது வாரமே ஒன்பது பேராகிவிட்டது. சிவரஞ்சனியும் நின்றிருப்பாள். அந்த மூன்றாவது வாரம் ஷர்லி பலகையில் ஒரு வாக்கியம் எழுதியிராவிட்டால்.

"மே குஸ்தா எல் கஃபே."

"இதுதான் எல்லாரும் தடுமாறுற இடம்" என்றாள் ஷர்லி. "இங்கிலீஷ்ல, நான் காபியை விரும்புறேன். ஆள் முன்னாடி நிக்கும். ஸ்பானிஷ்ல அப்படி இல்ல. இங்க காபிதான் எழுவாய். காபி என்னைச் சந்தோஷப்படுத்துதுங்கிற மாதிரி வரும். தலைகீழா யோசிக்கணும்."

முன் பெஞ்சில் இருந்த விக்ரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "எதுக்கு மேம் இப்படிச் சுத்தி வளைக்கிறாங்க?"

சிவரஞ்சனி அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு, "மேம், எனக்குக் காபி பிடிக்கும். அதானே இது?" என்றாள்.

ஷர்லி திரும்பிப் பார்த்தாள்.

"நான்னு நம்மளும் சொல்றதில்லயே மேம். எனக்குன்னுதானே சொல்றோம். எனக்குப் பிடிக்கும். எனக்குத் தலை வலிக்குது. அதுவும் இப்படித்தான் வருமா?"

ஷர்லி சாக்பீசை எடுத்து, "மே துவேலே லா கபேசா" என்று எழுதினாள். அதன் கீழே, சொல்லுக்குச் சொல் நேராக, தமிழில் எழுதினாள். எனக்கு. வலிக்குது. தலை. எழுதிவிட்டு ஓரடி பின்னால் வந்து நின்றாள். "ஆறு வருஷமா இதை இங்கிலீஷ் வழியாவே படிச்சிருக்கேன்" என்றாள். "ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிவரஞ்சனிக்கு ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. உலகத்தின் அந்தக் கோடியில், நம்மை ஒருபோதும் பார்த்திராத மக்கள், தலை வலித்தால் நம்மைப் போலவே சொல்கிறார்கள். வலிக்கிறவன் வலியின் முதலாளி இல்லை, வலி அவனுக்கு வந்து நேர்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் இங்கிலீஷ் படித்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பயம்தான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். இந்த மொழியோ மூன்றாவது வாரத்திலேயே அவள் தோளில் கை போட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தது. நீ, நீங்க என்று நாம் பிரிப்பதுபோல் அவர்களுக்கும் தூ, உஸ்தேத் உண்டு. வந்தேன் என்றாலே நான் என்பது அதற்குள் இருக்கிறதல்லவா, அங்கேயும் வினைச்சொல்லின் வால்தான் ஆளைச் சொல்கிறது. பெரோ என்றால் ஆனால், பெர்றோ என்றால் நாய். இரண்டையும் பிரிக்க விக்ரம் வகுப்பில் நாக்கைச் சுழற்றிச் சுழற்றித் தோற்றான். இடையின ரகரம், வல்லின றகரம் என்று அரசுப் பள்ளியில் பழகிய நாக்கால் சிவரஞ்சனி முதல் தடவையே சொல்லிவிட்டாள். மேசையை அவர்கள் மேசா என்றார்கள். அது போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்து நம் கரையில் இறக்கிவிட்டுப் போன சொல், ஸ்பானிஷும் அந்த மொழியும் அக்கா தங்கைகள் என்று ஷர்லி சொன்னாள். வீட்டுக்கு வந்து தன் படிப்பு மேசையை அவள் தொட்டுப் பார்த்தாள். புதுக்கோட்டையில் வாங்கிய சாதாரண பிளாஸ்டிக் மேசை.

"என்னத்தடி எந்நேரமும் முனங்குற?" என்று அம்மா கேட்பாள். "காத்துக் கருப்பு அண்டுன மாதிரி."

"ஸ்பானிஷ்மா."

"இத வச்சு இங்கிட்டு யாருகிட்டப் பேசப் போற?"

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவிடம் இதைச் சொன்னபோது அதற்குப் பதில் வந்தது.

"ஸ்பெயினா? எங்க சைட்டுல ஒரு ஸ்பெயின்காரரு இருக்காரு ஆத்தா" என்றார் சோலையப்பன். மகளை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். "அன்செல்மோன்னு பேரு. பம்பு மாட்டுற ஆளு. அவருக்கு இங்கிலீஷும் வராது, எனக்கும் வராது. தரையில சாக்பீஸால படம் போட்டுக் காட்டுவாரு. நல்ல மனுசன். நம்ம தமிழ் ஒரு வார்த்தை கத்துக்கிட்டாரு. என்னைய மேஸ்திரி, மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாரு."

"மேஸ்திரின்னா சொல்றாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா."

"கொஞ்சம் இழுத்துச் சொல்லுவாரு. மாயெஸ்த்ரோன்னு."

சிவரஞ்சனி எழுந்தே விட்டாள். "அப்பா, அது அவங்க வார்த்தப்பா! அவங்க ஊருலயும் கட்டட வேலை தெரிஞ்ச ஆளை அப்படித்தான் சொல்லுவாங்க. அதே மாதிரி வார்த்தை போர்ச்சுக்கீஸ்லயும் உண்டு. அதத்தான் நம்மாளுக எடுத்து மேஸ்திரியாக்கிட்டாங்க."

திரையில் அப்பாவின் முகம் இன்னும் கிட்டத்தில் வந்தது. "அப்ப அவரு நம்ம வார்த்தையக் கத்துக்கல" என்றார். "ரெண்டு பேருக்கும் மொதல்லருந்தே ஒரே வார்த்தைதானா?"

அடுத்த வாரம் அப்பா போனை அந்த மனிதர் பக்கம் திருப்பினார். வெள்ளை முள்தாடி, வெயிலில் சிவந்த முகம். சிவரஞ்சனி "ஓலா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வெட்கத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். நேரில் ஒரு ஸ்பானியர் வந்தால் பேசுவதற்கென்று வைத்திருந்த ஐம்பது வாக்கியங்களும் எங்கே போயின என்று தெரியவில்லை.

பருவம் முடிந்தது. அடுத்த வருடம் ஸ்பானிஷ் வகுப்பு இல்லை. சேர ஆள் இல்லை என்றார்கள். ஷர்லி திருச்சியோடு நின்றுகொண்டாள். சிவரஞ்சனி விடவில்லை. ஊரிலிருந்து கல்லூரி வரை ஒன்றரை மணி நேரம் பஸ். காதில் மாட்டிக்கொண்டு ஸ்பானிய வானொலிச் செய்தி கேட்பாள். முதலில் அது கூரையில் பெய்யும் மழைபோல ஒரே சத்தமாக இருந்தது. பிறகு அங்கங்கே ஒரு சொல், ஒரு தொடர் தெரியத் தொடங்கியது. ஒரு காலை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது, தான் இரண்டு நிமிடமாக ஏதோ ஒரு ஊரின் வறட்சியைப் பற்றிக் கேட்டு, ஆலிவ் மரங்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததை உணர்ந்தாள். எந்த இடத்தில் மழை சொல்லாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டில், ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. பரீட்சைக்கான விடுமுறை. மதியம் மூன்றரைக்கு வழக்கம்போல அவளே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தபோது திரையில் அப்பா இல்லை. ஏதோ வண்டியின் கூரை தெரிந்தது, குலுங்கியது, பிறகு வியர்த்து வழியும் ஒரு முகம் வந்தது. அன்செல்மோ.

"பாப்பா... ஃபால்... ஃபாதர், ஃபால்..." என்றார். மேலே ஒரு சொல்லும் இங்கிலீஷில் அவருக்கு வரவில்லை. வாயைத் திறந்து மூடினார். பிறகு, யாரிடமும் இல்லாமல் தனக்குத் தானே, தன் மொழியில் முணுமுணுத்தார்.

கடவுளே, இந்தப் பிள்ளைகிட்ட இதை எப்படிச் சொல்லுவேன்.

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. அது நேராக உள்ளே வந்து இறங்கியது. அவள் வாயிலிருந்து வந்த பதிலும் அவளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"சொய் சு ஈஹா. ஆப்லெமே என் எஸ்பஞோல்." நான் அவர் மகள். ஸ்பானிஷிலேயே சொல்லுங்கள்.

அந்த முகம் அப்படியே நின்றது. கடலில் மூழ்கப் போனவன் காலுக்கடியில் மணல் தட்டுப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. பிறகு கொட்டத் தொடங்கினார். வேகம் தாங்காமல் அவள், மெதுவாக, மெதுவாக என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

விடுமுறை நாளானாலும் பம்பு அடித்தளத்தில் ஒரு விரிசலை அடைக்க இரண்டு பேரும் போயிருந்தார்கள். சாரத்திலிருந்து அப்பா விழுந்துவிட்டார். பத்தடி உயரம். தமிழ் ஆட்கள் எல்லாரும் தங்குமிடத்தில் இருந்தார்கள், அது எதிர்த் திசையில் வெகு தூரம். கிடைத்த பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஓட்டுகிறவருக்கு உருதுதான் தெரியும். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"எஸ்த்தா வீவோ" என்றார். "எஸ்த்தா வீவோ, ஈஹா." உயிரோடு இருக்கிறார், மகளே.

"அம்மா!" என்று கத்தினாள் சிவரஞ்சனி. கொல்லையிலிருந்து ஓடிவந்த வனிதா மகளின் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா விழுந்துட்டாராம். உசுரோட இருக்காரும்மா. பேசாம இரு, நான் கேக்கணும்."

அன்செல்மோ போனை அப்பாவின் முகத்தருகே கொண்டுபோனார். கண் பாதி மூடியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "கே லே துவேலே?" என்று கேட்டார் அந்த மனிதர். அவருக்கு என்ன வலிக்கிறது?

"அப்பா, நாந்தான். எங்கப்பா வலிக்குது?"

"ஆத்தாவா?" குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. "நீ எப்படி இங்க... தொடை. எடது தொடை. மூச்சு விட்டா இங்கிட்டு நெஞ்சுல குத்துது."

அவள் சொன்னாள். தொடைக்கு ஸ்பானிஷில் என்ன சொல் என்று தெரியவில்லை, காலின் மேல்பக்கம் என்றாள். அவர் புரிந்துகொண்டு, தன் சட்டையைக் கழற்றி அப்பாவின் காலுக்குக் கீழே அண்டக் கொடுத்தார். வலியைச் சொல்கிற வாக்கியத்தை அவள் ஒரு சனிக்கிழமை பலகையில் பார்த்து வியந்தவள். இன்று அந்த வாக்கியத்தின் வழியாக ஒரு மனிதரின் கை இன்னொரு மனிதரின் உடம்பில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"தூங்க விடக் கூடாது. பேசிக்கொண்டே இருக்கச் சொல்" என்றார் அன்செல்மோ. அவள் பேசினாள். அப்பாவிடம் தமிழில் ஒரு வாக்கியம், அவரிடம் ஸ்பானிஷில் ஒரு வாக்கியம். அம்மாவும் குனிந்து, "என்னங்க, கண்ண மூடாதீங்க, இங்க பாருங்க" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை நெட்வொர்க் அறுந்தது. இரண்டு தடவையும் அவரே திரும்ப அழைத்தார்.

பாதி வழியில் அம்மா திடீரென்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஊசி! ஏய், அந்த ஊசி ஒத்துக்காதுன்னு சொல்லுடி!"

நான்கு வருடத்துக்கு முன்பு அப்பா விடுமுறையில் வந்திருந்தபோது, காலில் கம்பி குத்தி ஊசி போட்டதில் முகம் வீங்கி மூச்சுத் திணறிப் பிழைத்திருந்தார். அந்த மருந்து பெனிசிலின். இனி எந்த ஆஸ்பத்திரியிலும் இதை முதலில் சொல்லுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. சொல்ல வேண்டியவர் இப்போது பாதி மயக்கத்தில் இருக்கிறார்.

அவள் சொன்னாள். அந்தச் சொல் எல்லா மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒத்துக்கொள்ளாது, கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், நீங்களே மறக்காமல் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல ஒரு மொழி வேண்டியிருந்தது. அன்செல்மோ அதைத் திரும்ப அவளிடம் ஒப்பித்தார். பைக்குள்ளிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, அப்பாவின் முன்கையில், சிமென்ட் தூசியைத் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுதினார். எழுதியதைத் திரைக்குக் காட்டினார். "சரியா?" என்றார். சரி என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் போனை வாங்கினாள். கேரளத்துப் பெண். "கையில எழுதியிருக்கறது பாத்தாச்சு. இனி நாங்க நோக்கிக்கறோம், பேடிக்கண்டா, பயப்படாத" என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னாள். இணைப்பு முடிந்தது.

ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. சிவரஞ்சனி போனைக் கீழே வைத்தாள். அம்மா என்னவோ கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது தமிழ் வரவில்லை.

வனிதா மகளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீ பேசுனத நான் பாத்துக்கிட்டே இருந்தேன்டி" என்றாள் மெதுவாக. "எம்புள்ள மாதிரியே இல்ல. எங்கிட்டிருந்து வந்துச்சு ஒனக்கு அது?"

சோலையப்பனுக்குத் தொடை எலும்பில் தகடு வைத்தார்கள். முறிந்த இரண்டு விலா எலும்புகள் தாமாகக் கூடின. ஜூலையில் அன்செல்மோவே மஸ்கட் விமான நிலையம் வரை வந்து, சக்கர நாற்காலியில் வைத்து அனுப்பிவிட்டார். திரும்பிப் போகும் வேலை இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊன்றுகோலோடு நடக்கப் பழகியதும், சோலையப்பன் அக்கம்பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார்.

சிவரஞ்சனி நான்காம் ஆண்டு முடித்தாள். சென்னையில் ஸ்பானிஷ் தேர்வு எழுதினாள். இப்போது திருச்சியில், தென் அமெரிக்க நாடுகளுக்குப் பாலங்களின் வரைபடம் சரிபார்க்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. தான் என்றும் பார்க்கப்போகாத ஆறுகளின் பெயர்களை நாள் முழுவதும் உச்சரித்துக்கொண்டிருக்கிறாள். பெரு நாட்டில் ஒரு மலை ஆற்றின் பெயரை முதல்முறை தப்பில்லாமல் சொன்னபோது, போனில் அந்தப் பக்கத்துப் பொறியாளர், "பெருவில் உங்கள் வீடு எந்த மாகாணத்தில்?" என்று கேட்டாராம்.

போன ஜனவரியில் அன்செல்மோ ஓய்வு பெற்றார். ஊருக்குத் திரும்பும் வழியில் ஆவுடையார்கோவிலுக்கு வந்தார். வழி என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். வரைபடத்தில் பார்த்தால் அது முழுக்க எதிர்த் திசை. வனிதா இலை போட்டுப் பரிமாறினாள். அவர் கையாலேயே சாப்பிட்டார். கண்ணில் நீர் வழிய வழிய மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். சிவரஞ்சனிக்கு வேலை சரியாக இருந்தது. சமையல் முதல் பம்பு வரை அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

மாலையில் சோலையப்பன், அன்செல்மோ, சிவரஞ்சனி மூவரும் கோயிலுக்குப் போனார்கள். மண்டபத்துக்குள் நுழைந்து தாழ்வாரத்தின் கொடுங்கையை, அந்தக் கூரை விளிம்பை, அண்ணாந்து பார்த்ததும் அன்செல்மோவின் பேச்சு நின்றது.

மரச் சட்டங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், இறுக்கிக் கட்டிய கயிறு, அடித்த ஆணி. எல்லாம் கல். கூரை விளிம்பு ஓட்டுத் தாழ்வாரம்போல வளைந்து இறங்கி, போகப் போக மெலிந்தது. நாற்பது வருடம் கட்டட வேலை நடக்கிற இடங்களிலேயே வாழ்ந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிவரஞ்சனியும் பார்த்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து இதன் கீழே ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறாள். ஸ்பானிஷில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று சொற்களைத் தேடியபோதுதான், கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதல்முறையாகக் கண்ணால் தொடர்ந்து போனாள்.

"எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்டார் அன்செல்மோ, வெகு நேரம் கழித்து. "இவ்வளவு மெல்லிசாகக் கல்லை, உடையாமல். மாயெஸ்த்ரோவிடம் கேள். எந்தக் கருவி? எப்படித் தூக்கினார்கள்?"

அவள் கேட்டாள். சோலையப்பன் கோலை ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, தானும் ஒரு முறை மேலே பார்த்தார். "நமக்குத் தெரியாதுன்னு சொல்லு ஆத்தா" என்றார். "நாமளும் பாத்துக்கிட்டேதான் நிக்கிறோம்."

மொழிபெயர்க்கப் போனவள் ஒரு கணம் நின்றாள். அப்பா நாங்கள் என்று சொல்லவில்லை. நாம் என்றிருக்கிறார், அந்த மனிதரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நொசோத்ரோஸ். கேட்கிறவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று அது சொல்லாது.

"நொசோத்ரோஸ்" என்று ஆரம்பித்தாள். பிறகு விரலால் அப்பாவையும், அவரையும், தன்னையும் காட்டி, "லொஸ் த்ரெஸ்" என்று சேர்த்துக்கொண்டாள். நாம் மூன்று பேரும். "நம் மூன்று பேருக்கும் தெரியாது என்கிறார்."

அன்செல்மோ தலையாட்டினார். மூன்று பேரும் மறுபடி மேலே பார்த்தார்கள்.